நெல் ஆலையில் உளவியலாளருக்கு என்ன வேலை?

நீடாமங்கலம் பக்கத்தில் அப்பா நடத்திய அரிசி ஆலையை இப்போது நீங்கள் பார்த்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். 160 பேர் வேலை செய்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன், நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் பெல்ட்டில் கை சிக்கி ஒருவருக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன. அடிபட்டவர் தேறி வருகிறார். ஆனால் அன்று பக்கத்தில் நின்று, ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தவர் இன்றுவரை ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை. குடிக்கிறார். வந்தாலும் எலிவேட்டர் இருக்கும் பக்கம் கால் வைக்க மறுக்கிறார். மேலாளர் ஓர் உளவியலாளரை வரவழைக்கலாம் என்கிறார். உங்கள் பெரியப்பாவோ, நாலு பெரிய மனிதர்களைக் கூப்பிட்டுப் புத்தி சொன்னால் போதும், ஆறுதல் சொல்வதற்கெல்லாம் சம்பளமா என்று கேட்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி.

மேலாளர் சொல்வதுதான் சரி. ஆனால் உளவியலாளரை வரவழைக்கும் முன் நீங்கள் இரண்டு விஷயங்களுக்கு உடன்பட வேண்டும். தொழிலாளி அந்த அறைக்குள் சொல்வது உங்கள் காதுக்கு வராது. அதே சமயம், யார் பெயரும் இல்லாமல் ஆலையின் குறைகளை உளவியலாளர் உங்களிடம் சொல்லும்போது அவற்றை மாற்ற நீங்கள் தயாராக இருக்க வேண்டும். இதில் ஒன்றுக்கு மனம் ஒப்பவில்லையென்றாலும் அந்தப் பணத்தைத் தீபாவளி போனஸோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அதனால் அவர்களுக்குக் கூடுதல் பயன் இருக்கும். பதினேழு ஆண்டுகளாகத் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் ஆலைகள், தனியார் மருத்துவமனைகள், நிதி நிறுவனங்கள் என்று இந்த வேலையாகவே அலைந்துகொண்டிருப்பதால் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

குழப்பம் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. நம் ஊரில் கவுன்சலிங் என்றால் பொறியியல் கல்லூரியில் இடம் ஒதுக்குவது, ஆசிரியர்களுக்கு இடமாறுதல் கொடுப்பது. ஓர் ஆலையில் என் பெயரோடு அந்தச் சொல்லை அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்திருந்தார்கள். தவிடு பிரிக்கும் பகுதியில் வேலை செய்யும் ஓர் அம்மா முதல் நாளே மகளின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தும் அதன் ஓரங்களில் தவிடு படிந்திருந்தது. அரை மணி நேரம் அந்தப் பட்டியலைப் பற்றித்தான் பேசினோம். எந்தக் கல்லூரி, எவ்வளவு தூரம், விடுதிக்கு என்ன செலவு என்று போய்க்கொண்டிருந்த பேச்சு திடீரென்று நின்றது. மகள் வெளியூர் போய்விட்டால் அடிக்கிற மனுஷனோடு வீட்டில் தான் தனியாக இருக்க வேண்டும் என்றார். அவர் வந்தது அதற்காகத்தான் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

தமிழில் ஆலோசனை என்று எழுதினால் அறிவுரை என்று பொருளாகிவிடுகிறது. இலங்கைத் தமிழர்கள் இதற்கு உளவளத்துணை என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். துணை என்கிற அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம், செய்கிற வேலையைச் சரியாகப் பெயரிட்டுவிட்டார்களே என்று தோன்றும்.

பெரியப்பா சொல்லும் புத்திமதியை நான் தாழ்வாக நினைக்கவில்லை. எத்தனையோ குடும்பத்துச் சண்டைகள் நம் ஊர்த் திண்ணைகளில் தீர்ந்திருக்கின்றன. ஆனால் புத்தி சொல்பவருக்குத் தீர்ப்பு முன்பே தெரிந்துவிடுகிறது. குடிக்காதே, வேலைக்குப் போ, பிள்ளைகளைப் பார். உங்கள் தொழிலாளிக்கு இது தெரியாமலா இருக்கிறது? அவருக்குத் தெரியாதது வேறு. கண்ணை மூடினால் அந்தப் பெல்ட் ஏன் மறுபடியும் ஓடுகிறது, ஒரு நொடி முன்னால் அணைத்திருக்கலாமே என்ற எண்ணம் ஏன் போகமாட்டேன் என்கிறது, குடித்தால் மட்டும் ஏன் தூக்கம் வருகிறது என்பதெல்லாம்தான். இவற்றை அவர் வாய்விட்டுச் சொல்லக் குறுக்கே பேசாத ஒரு மனிதர் வேண்டும். கேட்டதை வைத்து என்ன செய்யலாம் என்று தெரிந்தவராகவும் அவர் இருக்க வேண்டும். ஆறுதலுக்கும் உளவியலாளரின் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு இந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது.

அவர் விஷயத்தையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விபத்தைக் கண்ணால் பார்த்தவருக்குத் தூக்கமின்மை, திடுக்கிடல், அந்த இடத்தைத் தவிர்த்தல் முதல் சில வாரங்களில் வருவது இயல்பு. பெரும்பாலோர்க்குத் தானாகவே குறைந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் முறையான பரிசோதனை வேண்டும். அவர் இரண்டு மாதம் தாண்டிவிட்டார். ஆகவே இது ஆலைக்கு வாரம் ஒருமுறை வரும் ஆலோசகர் தனியாகக் கையாளும் நிலை அல்ல. அவரை ஒரு மருத்துவ உளவியலாளரிடமோ மனநல மருத்துவரிடமோ அனுப்பிவைப்பதும், சிகிச்சை நடக்கும்போது ஆலைக்கும் அவருக்கும் இடையே பாலமாக நிற்பதும் ஆலோசகரின் வேலை. எலிவேட்டருக்கு எதிர்ப்புறத்தில், பெல்ட் கண்ணில் படாத இடத்தில், சிப்பம் தைக்கும் பகுதியில் சில வாரங்கள் வேலை கொடுங்கள் என்று உங்களிடம் கேட்பார். பிறகு இயந்திரம் நின்றிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் அவரோடு அந்த இடம் வரை நடந்து போவார். பிறகு ஓடும்போது, தூரத்திலிருந்து. இப்படிப் படிப்படியாகத்தான் திரும்ப வர முடியும். வேகம் அவருடையதாக இருக்க வேண்டும்.

குடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அக்கறையுள்ள முதலாளிகள் செய்யும் ஆபத்தான காரியம் ஒன்று உண்டு. கோயிலுக்கு அழைத்துப்போய்க் கயிறு கட்டி, சத்தியம் வாங்கி, அன்றோடு நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். நம்பிக்கையால் குடியை விட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் தினமும் நிறையக் குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாட்களில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிரே போகலாம். முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும். திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. கயிறு பிறகு கட்டிக்கொள்ளலாம்.

விபத்து நடந்த மறுநாளே எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, பார்த்ததை ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லும் வழக்கம் சில நிறுவனங்களில் இருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டீர்கள், நல்லது. அப்படி ஒரே அமர்வில் கிளறி எடுப்பது பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பதிலாக 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில் அது சொன்னது மூன்றே காரியங்கள்: பார், கேள், இணை. இது எனக்குப் புரிந்தது 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறியதற்குப் பிறகு. வேதாரண்யம் பக்கம் ஒரு சிறிய ஆலையில் பேசப் போயிருந்தேன். அங்கு யாருக்கும் மனத்தைப் பற்றிப் பேசும் நிலை இல்லை. கூரை போன வீட்டுக்குப் படுதா வேண்டும், குடிதண்ணீர் வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு ஒரு போன் போட வேண்டும். முதல் வாரம் அதைத்தான் செய்தேன். ஒரு மாதம் கழித்து, படுதாவை வாங்கிக்கொண்டு போனவர்கள்தான் என்னைத் தேடி வந்து பேசினார்கள்.

இனி, நான் சொன்ன முதல் நிபந்தனை: மூடிய கதவு.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தனியார் நிறுவனத்துக்கு மாதம் இரண்டு முறை போய்க்கொண்டிருந்தேன். ஒரு மாலை நிர்வாகி தேநீர் கொடுத்து, இந்த மாதம் யார் யார் வந்தார்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். என்ன பேசினார்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐந்து பெயர்களை மட்டும் சொன்னேன். அடுத்த முறை போனபோது ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. அந்த ஐந்து பேரில் ஒருவரிடம் மேற்பார்வையாளர், என்னப்பா மனசு சரியில்லையாமே என்று கேட்டிருக்கிறார். பெயர் என்பதே இரகசியம்தான் என்பதை நான் கற்றுக்கொண்டதற்கு விலை கொடுத்தவர் அவர். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

டெல்டாவில் இது இன்னும் நுட்பமான விஷயம். 1952-இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மண் இது. முதலாளி வீட்டில் வாய் திறந்தால் அது எங்கே போய் முடியும் என்ற பயம் இரண்டு மூன்று தலைமுறைகளாக உடம்பில் ஊறியிருக்கிறது. நாற்காலியில் உட்காருங்கள் என்று சொன்னால் உட்காரத் தயங்கும் அறுபது வயதுக்காரர்கள் இன்னும் என்னிடம் வருகிறார்கள். அவர் உட்காரும் வரை நானும் நின்றுகொண்டிருப்பேன். சாதி, ஊர், தெரு எல்லாம் அந்த அறைக்குள் எங்களோடு சேர்ந்தே வரும். உங்கள் சொந்தக்காரப் பையன் உளவியல் படித்திருக்கிறான் என்று அவனை நியமித்துவிடாதீர்கள். அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் பேசமாட்டார்கள்.

ஆகவே எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போடுங்கள். தமிழில், ஆலையின் சுவரில் ஒட்டக்கூடிய அளவுக்கு எளிமையாக. வந்தவர் பெயரோ பேசியதோ நிர்வாகத்துக்குத் தரப்படாது. குறிப்பேடு உளவியலாளரிடமே இருக்கும். மனநல சிகிச்சையில் இருப்பவரின் விவரங்களை இரகசியமாக வைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே நோயாளியின் உரிமை என்று வைத்திருக்கிறது. விதிவிலக்குகளையும் அதே தாளில் எழுதுங்கள்: தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, குழந்தை மீதான பாலியல் கொடுமை, நீதிமன்ற ஆணை. போக்சோ சட்டப்படி குழந்தை விஷயத்தில் தெரிவித்தே ஆக வேண்டும்.

விதிவிலக்கு வரும்போதும் காட்டிக்கொடுப்பது போல நடக்கக் கூடாது. மகளிர் குழுக்களிடம் வாரத் தவணை வசூலிக்கும் 24 வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்துகொண்டிருந்தான். சம்பா மழையில் மூழ்கிய வருடம் அது. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் தினமும் வாந்தி. கடன் கட்ட முடியாத பெண்களின் வாசலில் போய் நிற்பதும், வசூல் குறைந்ததற்கு அலுவலகத்தில் திட்டு வாங்குவதும் அவனை இரண்டு பக்கமும் அரைத்துக்கொண்டிருந்தன. சாகலாம் போலிருக்கிறதா என்று நேராகக் கேட்டேன். அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்பது தவறான பயம், கேட்டால்தான் சொல்வார்கள். ஆமாம் என்றான். உன் அக்காவுக்குத் தெரிய வேண்டும், நீயே சொல்கிறாயா, நான் சொல்லவா என்று கேட்டு, அவன் எதிரிலேயே, அவன் போனிலிருந்தே பேசினோம். அக்கா அன்று மாலையே வந்து வயலுக்கு வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தினார். மறுநாள் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனார். அலுவலகத்துக்கு ஒரு வார விடுப்புக் கடிதம் மட்டும் போயிற்று. இப்போது அவன் வேறு வேலையில் இருக்கிறான்.

அறை எங்கே என்பதையும் யோசியுங்கள். எடை மேடைக்கு எதிரே வேண்டாம். லாரிக்காரர்கள் முதல் தேநீர்க் கடைக்காரர் வரை எல்லோரும் பார்ப்பார்கள். கேமரா இருக்கும் தாழ்வாரமும் வேண்டாம். முதல் சுற்றில் மேலாளர் உட்பட 160 பேரும் தலைக்குப் பதினைந்து நிமிடம் போய் வரட்டும். எல்லோரும் போனால் போனவர் யார் என்ற பேச்சே எழாது. அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. மூட்டைக் கணக்கில் கூலி வாங்கும் சுமை தூக்குவோருக்கு இதை எப்படி ஈடு செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் அவர்கள் வரவே மாட்டார்கள்.

இரண்டாவது நிபந்தனைக்கு வருகிறேன். பலரும் தவறவிடும் இடம் இது. சிகாகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் 1936-இலேயே ஆலோசகர்களை நியமித்தார்கள். அவர்கள் ஆலைக்குள் நடமாடிக்கொண்டே தொழிலாளிகள் பேசுவதைக் கேட்டார்கள். இருபது ஆண்டுகள் போல நடந்த திட்டம். ஆனால் கேட்ட குறையை நிர்வாகத்திடம் கொண்டுபோவதோ மாற்றுவதோ அவர்கள் வேலை அல்ல என்று வைத்திருந்தார்கள். தொழிலாளிக்கு மனம் லேசாகும், ஆலை அப்படியே இருக்கும். அந்தத் திட்டத்தின் மீது வந்த பெரிய விமர்சனம் இதுதான், எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. உங்கள் பாய்லரில் பாதுகாப்பு வால்வு இருக்கிறது. நாள்தோறும் அது திறந்துகொண்டே இருந்தால் உமி போடும் அளவையும் தண்ணீர் மட்டத்தையும் பார்க்கமாட்டீர்களா?

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979-இல் எழுதியது இன்றுவரை எனக்குக் கைகொடுக்கிறது. வேலை அதிகமாக இருப்பது மட்டும் மனிதனை உடைப்பதில்லை. வேலை அதிகம், அதில் தன் கையில் எந்த முடிவும் இல்லை என்னும்போதுதான் உடைகிறான் என்பது அதன் சாரம். தை, மாசியில் சம்பா நெல் வந்து குவியும்போது உங்கள் அவியல் பகுதியில் இரவு முழுக்க நிற்பவரைப் பாருங்கள். எப்போது வீட்டுக்குப் போவோம் என்று அவருக்குத் தெரியாது. அடுத்த லாரி எப்போது வரும் என்று யாரும் சொல்வதில்லை. ஈரநெல் வந்தால் திட்டு அவருக்கு.

ஒரு தனியார் மருத்துவமனையில் ஒரே பிரிவில் பதினொரு செவிலியர்களைச் சந்தித்தேன். தலைவலி, எரிச்சல், குழந்தையை அடித்துவிடுகிறேன், வேலையை விடப்போகிறேன் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தோண்டிப்பார்த்தால் எட்டுப் பேரின் பேச்சு ஒரே இடத்தில் வந்து நின்றது. அடுத்த வாரத்துக்கான பணிப்பட்டியல் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குத்தான் ஒட்டப்படும். அதுவரை குழந்தையை யாரிடம் விடுவது, எந்த பஸ்ஸில் போவது, எதையும் திட்டமிட முடியாது. பெயர் எதுவும் சொல்லாமல் நிர்வாகத்திடம் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பட்டியலைப் பதினைந்து நாள் முன்னதாக ஒட்டத் தொடங்கினார்கள். ஒரு ரூபாய் செலவில்லை. மூன்று மாதத்தில் அந்தப் பிரிவில் என்னைத் தேடி வருவோர் பாதியாகக் குறைந்தார்கள். பணியிடச் சோர்வு நோய் அல்ல, வேலை சார்ந்த நிகழ்வு என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வகைப்படுத்தியதன் பொருள் எனக்கு அந்தத் தாளில்தான் தெரிந்தது. அதே நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் தனிமனிதருக்கான உதவியோடு, வேலை நிலைமையை மாற்றுவதையும் மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதையும் சேர்த்தே கேட்கின்றன.

அந்தப் பக்கம் எழுதும்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. ஏழெட்டுப் பேராவது ஒரே விஷயத்தைச் சொன்னால்தான் எழுதுவேன். மூன்று பேர் மட்டும் வேலை செய்யும் பாய்லர் அறையைப் பற்றி எழுதினால் யார் சொன்னது என்று நீங்கள் அடுத்த நிமிடமே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

உளவியலாளரிடம் நீங்கள் கேட்கக் கூடாதவையும் இருக்கின்றன. யாரை வேலையை விட்டு நிறுத்தலாம் என்று கேட்காதீர்கள். ஆள் எடுக்கும் தேர்வையும் ஆலோசனையையும் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். பாலியல் தொல்லைப் புகாரை அவர் விசாரிக்கக் கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும், புகார் அங்கே போகட்டும். புகார் கொடுத்த பெண்ணுக்குத் துணையாக உளவியலாளர் இருக்கலாம். கூலிப் பிரச்சினையைப் பேசித் தணிக்கவும் அவரை அனுப்பாதீர்கள். அதைச் செய்தால் தொழிலாளிகள் அவரை உங்கள் ஆளாகவே பார்ப்பார்கள், அப்படிப் பார்ப்பதில் தவறும் இல்லை.

யாரைத் தேடுவது? மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், தயங்க வேண்டாம். ஆலோசனை உளவியல் படித்தவரென்றால் முதுகலைப் பட்டமும் மேற்பார்வையில் பணியாற்றிய அனுபவமும் இருக்கிறதா என்று பாருங்கள். மேடையில் கைதட்டல் வாங்கும் தன்னம்பிக்கைப் பேச்சாளர் இந்த வேலைக்கு வேண்டாம்.

160 பேருக்கு முழுநேர ஆள் தேவையில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம்கூட 500 தொழிலாளர்கள் இருந்தால்தான் நல அலுவலர் கட்டாயம் என்று வைத்தது. உங்கள் பக்கத்து ஆலைகள் மூன்று நான்கைச் சேர்த்துக்கொண்டு ஒருவரைப் பொதுவாக அமர்த்துங்கள். சாதாரண மாதங்களில் இரண்டு நாள், அறுவடைக் காலத்தில் வாரம் ஒரு நாள் போதும். பொதுவான ஆளாக இருந்தால் எந்த முதலாளிக்கும் தனியாகக் கடமைப்பட்டவராக இருக்கமாட்டார் என்பது இதில் கிடைக்கும் கூடுதல் நன்மை. பீகார், ஒடிசாவிலிருந்து வந்து உங்கள் கொட்டகையில் தங்கியிருப்பவர்களுக்குத் தமிழில் துணை இருந்து பயனில்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி அவர்கள் தங்கும் இடத்தில் ஒட்டுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவிச் சேவை அது. இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம், பல இந்திய மொழிகளில் பேசுகிறார்கள். தமிழர்களுக்கும் அதே எண்தான்.

இவையெல்லாம் நடக்க ஓரிரு மாதம் ஆகும். அதுவரை, அன்று சுவிட்சை அணைத்த தொழிலாளி விஷயத்தில் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அவர் வீட்டுக்கு நீங்கள் போங்கள். மேலாளரை அனுப்பாதீர்கள், பெரியப்பாவையும் அழைத்துப்போகாதீர்கள். வேலை அவருக்காகக் காத்திருக்கிறது, சிகிச்சைச் செலவு ஆலையுடையது என்று மட்டும் சொல்லுங்கள். குடியைப் பற்றிப் பேச வேண்டாம். அவர் சுவிட்சை அணைத்ததால்தான் அந்தக் கையில் மற்ற விரல்கள் மிஞ்சின என்பது உண்மை. ஆனால் அதை ஆறுதலாக முதலில் சொல்லிவிடாதீர்கள். அவர் தன் பக்கத்தைச் சொல்லி முடித்த பிறகு சொல்லுங்கள்.

போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அந்த எலிவேட்டர் பெல்ட்டுக்கு இரும்பு வலைத் தடுப்புப் போட்டாகிவிட்டதா, கை எட்டும் தூரத்தில் அவசர நிறுத்தப் பொத்தான் இருக்கிறதா என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. இல்லையென்றால் நாளைக்கே போடச் சொல்லுங்கள். அவர் திரும்பி வரும் நாளில் முதலில் பார்க்கப்போவது அந்தப் பெல்ட்டைத்தான்.